அம்மாக்கண்ணுவின் அபாயப் பட்டன்

அம்மாக்கண்ணு வழுக்கி விழுந்தது என்னவோ ஒரு தரம்தான். அதைப் பற்றி ஊர் பேசிய பேச்சைக் கேட்டால், காலையும் மாலையும் விழுவதையே அவள் தொழிலாக வைத்திருந்தாள் என்று தோன்றும்.

குளியலறை வாசலில் விழுந்தாள். வலது மணிக்கட்டில் நல்ல அடி. எழுந்திருக்க முடியாமல் கூப்பிட்டுப் பார்த்தாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய எல்லா வீட்டிலும் சீரியல் ஓடிக்கொண்டிருந்த நேரம். எந்த வீட்டில் யார் அலறுகிறார்கள் என்று பிரித்துத் தெரியவில்லை. விளம்பரம் போட்ட இடைவெளியில் கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு ரஞ்சிதம்தான் கண்டாள். "என்னக்கா, கீழ உக்காந்து என்ன செய்றீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அம்மாக்கண்ணு இன்றுவரை மன்னிக்கவில்லை.

சேதி ஈப்போவுக்குப் போயிற்று. மகன் குகனேஸ்வரன் அன்றைக்கே காரை எடுத்துக்கொண்டு மலை ஏறி வந்தான். "இனிமே நீ தனியா இருக்கக் கூடாதும்மா. எங்க கூட வந்துடு" என்றான். நல்ல பிள்ளைதான். நல்ல பிள்ளைகளிடம் ஒரு தொல்லை உண்டு, அவர்களைத் திட்ட முடியாது.

ஈப்போவில் அவன் இருந்தது பன்னிரண்டாவது மாடி. அம்மாக்கண்ணு அங்கே ஒருமுறை போய்த் தங்கிப் பார்த்தவள். லிப்டை விட்டு இறங்கினால் எல்லாக் கதவும் ஒரே மாதிரி. யாரோ ஒரு சீனர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, அவர்கள் மரியாதையாகக் கொடுத்த தேத்தண்ணியையும் குடித்துவிட்டு, இது கொழுந்தே இல்லை, வெறும் தூசி என்று தமிழில் தீர்ப்பும் சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தாள். ஆனால் அவளுக்குப் பிடிக்காமல் போனது மாடியோ லிப்டோ இல்லை. அங்கே அவளுக்குப் பேரில்லை. குகன் அம்மா என்றார்கள், ஆண்ட்டி என்றார்கள், மேல்வீட்டுக் கிழவி என்றும் ஒரு குரல் கேட்டது. இந்தத் தோட்டத்துக்கு வாக்கப்பட்டு வந்த நாள் முதல் கொழுந்து பறித்து, புருஷனையும் இங்கேயே அடக்கம் செய்துவிட்டு, ஓய்வு பெற்ற பின்னும் பழைய லயத்திலேயே இருக்க இடம் கிடைத்தவள் அவள். இந்த மேட்டில் கோழிக்குஞ்சுக்குக்கூட அவள் அம்மாக்கண்ணு என்று தெரியும்.

"நான் வரல" என்றாள்.

தாயும் மகனும் முறைத்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் முதியோர் துணைத் திட்டம் எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தது. தனியாக இருக்கும் வயதானவர்களுக்குக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பட்டன். தீப்பெட்டி அளவு, நடுவில் சிவப்பாக ஒரு குமிழ். அழுத்தினால் லயத்துத் தொண்டர் ஒருவரின் போன் அடிக்கும். அவர் பேசுவது பட்டனிலேயே கேட்கும். நாம் பேசுவது அவருக்குக் கேட்கும். திங்கட்கிழமைதோறும் காலையில் சோதனைக்காக ஒருமுறை அழுத்தி, நன்றாக இருக்கிறேன் என்று சொல்லவேண்டும்.

குகனேஸ்வரன் அதைப் பிடித்துக்கொண்டான். "சரி, இத மாட்டிக்கிட்டு இரு. திங்கக்கிழமை சோதனை ஒழுங்கா நடக்கணும். நடக்கலன்னா வேன் எடுத்துட்டு வந்துடுவேன், பேச்சே கிடையாது."

அம்மாக்கண்ணு ஒப்புக்கொண்டாள். ஒரு பட்டனை அழுத்துவதில் என்ன கஷ்டம் என்று அவளும் நினைத்தாள், பாவம்.

கஷ்டம் ரஞ்சிதத்தின் உருவில் வந்தது. பட்டன்கள் கறுப்புக் கயிற்றோடு வந்திருந்தன. கொடுக்கும் இடமோ மாரியம்மன் கோயில் மண்டபம், நாளோ வெள்ளிக்கிழமை. "அம்மன் முன்னாடி வச்சு வயசானவங்க கழுத்துல கறுப்புக் கயிறா மாட்டுவாங்க? அபசகுனம்லா" என்று ரஞ்சிதம் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டாள். கறுப்பை எல்லாம் உருவிப் போட்டுவிட்டு, நல்ல பருத்திக் கயிறு வாங்கி, மஞ்சளை அரைத்து, நனைத்துக் காயப் போட்டாள். இந்த மலையில் எது காய்ந்தது? வெள்ளிக்கிழமை வரைக்கும் ஈரம் போகவில்லை. கொடியில் வரிசையாகத் தொங்கிய மஞ்சள் கயிறுகளைப் பார்த்தபோது ரஞ்சிதத்துக்கு எதுவும் தோன்றவில்லை. அவளுக்கு எப்போதும் மறுநாள்தான் தோன்றும்.

திட்ட அலுவலர் சாந்தினி டவுனிலிருந்து வந்திருந்தாள். துறுதுறுப்பான பெண். "மஞ்சள் ரொம்ப நல்ல கலர், தூரத்துலேயே தெரியும். பாதுகாப்புக்கு ஏத்தது" என்று பாராட்டினாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "யாருக்காவது மாட்டிக் காட்டலாமா?" என்றாள்.

முன்வரிசையில் கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தது அம்மாக்கண்ணு. பக்கத்தில் நின்றது தொண்டர் ராமையா. கொழுந்து லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர், லயத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் பொறுப்பான மனிதர். அவருடைய மனைவியும் அம்மாக்கண்ணுவும் காலையில் ஒரே பிரட்டில் நின்று பேர் கொடுத்து, ஒரே நிரையில் கொழுந்தெடுத்தவர்கள். அம்மாக்கண்ணுவுக்கு அவர் அன்றிலிருந்தே அண்ணன். அவருக்கு அவள் தங்கச்சி.

"ஆண்ட்டிக்கு கை முடியலயே. அங்கிள், நீங்களே கட்டி விடுங்க. எல்லாரும் பாக்கட்டும்" என்றாள் சாந்தினி.

ராமையா கொடுத்த வேலையை அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. கயிற்றை அம்மாக்கண்ணுவின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து ஒரு முடிச்சுப் போட்டார். ஒற்றை முடிச்சை நம்பி அவர் தம் வாழ்நாளில் லோரியை எடுத்ததில்லை. இரண்டாவது போட்டார். வளைவு நெளிவான பாதையில் மூட்டை சரியாமல் இருக்கவேண்டுமே என்ற பழக்கத்தில் மூன்றாவதையும் போட்டு இறுக்கினார்.

அதே நேரத்தில் உள்ளே பூசாரி உச்சிகாலப் பூசைக்கு மின்சார மேளத்தின் சுவிட்சைத் தட்டினார்.

டமடமவென்று மேளமும் மணியும் முழங்கின. பின்வரிசைக் கிழவிகளுக்கு முன்னால் நடப்பது சரியாகத் தெரியவில்லை. மஞ்சள் கயிறு தெரிந்தது, ஆண்பிள்ளை கை தெரிந்தது, மேளம் கேட்டது. வாய் தன்பாட்டுக்குக் குலவை போட்டது. ஒருத்தி பழக்கதோஷத்தில் கையில் இருந்ததை அள்ளி வீசினாள். இருந்தது திட்டத்தார் கொறிக்கக் கொடுத்த கச்சாங் பூத்தே கடலை. அது அம்மாக்கண்ணுவின் கொண்டையிலும் ராமையாவின் வழுக்கையிலும் சமமாக விழுந்தது. சாந்தினி அதைப் படம் பிடித்து, 'வெற்றிகரமான தொடக்கம்' என்று எழுதி எல்லாருக்கும் அனுப்பிவைத்தாள்.

அப்புறம் லயம் சிரித்த சிரிப்பை என்னவென்று சொல்வது. கடைக்குப் போனால் "புதுப்பொண்ணுக்கு என்ன வேணும்?" என்றார் கடைக்காரர். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லோரிக்காரன் அவளைக் கண்டால் ஆரன் அடித்துவிட்டுப் போனான். "இனிமே எப்படிக்கா அண்ணேன்னு கூப்பிடுவீங்க?" என்று ஒருத்தி கேட்டாள். ராமையா அவள் வீட்டு வழியாகப் போவதையே நிறுத்திவிட்டார். பால் வாங்கக்கூட கோயிலுக்குப் பின்னால் சுற்றிப் போனார். வாழ்நாள் முழுக்க அண்ணன் தங்கையாக இருந்தவர்கள் ஒரே வெள்ளிக்கிழமையில் பேச வார்த்தை இல்லாதவர்கள் ஆனார்கள். சிரித்தவர்களுக்கு அது தெரியவில்லை. அம்மாக்கண்ணுவுக்குத் தெரிந்தது, வலித்தது.

கழற்றி எறிந்துவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. ஈரக் கயிறு காய்ந்து, முடிச்சு கல்லாகிவிட்டது. தலை வழியாக உருவப் பார்த்தால் மூக்குக்கு மேல் ஏறவில்லை. ரஞ்சிதம் பற்றவைத்த நெருப்பாயிற்றே என்று அவளையே கூப்பிட்டு அவிழ்க்கச் சொன்னாள். ரஞ்சிதம் நகத்தால் பார்த்தாள், ஊக்கால் பார்த்தாள், பல்லாலும் பார்த்துவிட்டு, "இது லோரி முடிச்சுக்கா. போட்டவர் வந்தாத்தான் அவுக்க முடியும்" என்றாள்.

போட்டவரைக் கூப்பிடுவதா? கட்டினபோது ஊரே கூடி நின்றது. அவிழ்க்கும்போது பக்கத்து எஸ்டேட்டும் சேர்ந்து வரும். யாருக்கும் தெரியாமல் அவிழ்த்தால் அதற்கு இதைவிடப் பெரிய கதை கட்டுவார்கள்.

ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு, கத்திரிக்கோலோடு கண்ணாடி முன் உட்கார்ந்தாள். கயிற்றின் அடியில் கத்திரியின் ஒரு பக்கத்தை விட்டாள். இரும்பு கழுத்தில் ஜில்லென்று பட்டது. அவள் கை நின்றுவிட்டது. புருஷன் வீரப்பன் செத்த கருமாதியன்று இதே இடத்தில் யார் யாருடைய கைகளோ இருந்தன. நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதை மறந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மறக்கவே இல்லை என்று கத்திரிக்கோல் காட்டிக் கொடுத்தது. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கத்திரிக்கோலை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, கழுத்துவரை பொத்தான் போட்ட சுவெட்டரை மாட்டி, மேலே ஒரு துண்டையும் சுற்றிக்கொண்டாள். ரஞ்சிதம் கேட்டபோது, "கத்திரி மொக்கையா கெடக்கு" என்று சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை வந்தது. அழுத்தினால் ராமையாவின் குரல் வரும், அதுவும் அவள் நெஞ்சிலிருந்து. லயத்துச் சுவரோ, ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் நூறாயுசு சொல்லும் சுவர். அம்மாக்கண்ணு அழுத்தவில்லை. சாந்தினி போன் செய்தாள். "மறந்துட்டேன்மா, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றாள். அடுத்த வாரமும் மறந்தாள். அதற்கடுத்த வாரம் சாந்தினி இவளுக்குப் போன் செய்யவில்லை, ஈப்போவுக்குச் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை குகனேஸ்வரன் கூட்டாளியிடம் வேன் இரவல் வாங்கிக்கொண்டு வந்து நின்றான். கூடவே மருமகள் விக்னேஸ்வரி. வந்தவன் உட்காரக்கூட இல்லை.

"சொன்னது சொன்னதுதாம்மா. துணிய எடுத்து வை."

"கொஞ்சம் தேத்தண்ணி குடிடா."

"ஈப்போவுல போய் குடிச்சுக்கலாம்."

அம்மாக்கண்ணு அசையவில்லை. அவன் கோபத்தில் முதலில் கையில் கிடைத்த டிவியைத் தூக்கிக்கொண்டு போய் வேனில் வைத்தான். லயத்து ஆட்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். இப்போது யாரும் சிரிக்கவில்லை. டிவி இருந்த இடத்தில் சுவர் மட்டும் சதுரமாக வெளுத்துத் தெரிந்தது. சும்மா பயமுறுத்துகிறான் என்று இருந்த அம்மாக்கண்ணுவுக்கு, நாளைக்கு இந்தக் கதவு பூட்டிக் கிடக்கப் போகிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

"குகா, நில்லு" என்றாள். சுவெட்டருக்குள் கையை விட்டு அழுத்தினாள்.

ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவள் நெஞ்சுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் அதிர்ந்தது. "என்ன ஆச்சு? விழுந்துட்டியா? அசையாத. அசையாம அப்படியே கெட. நான் வரேன்."

விக்னேஸ்வரி துள்ளிக்குதித்து நாற்காலிக்குப் பின்னால் போனாள்.

மோட்டார் சத்தம் அதைவிட வேகமாக வந்தது. ராமையா ஒரு கன்னம் மழித்து, மறு கன்னத்தில் சோப்பு நுரையோடு, தலையில் ஹெல்மெட்டும் கையில் முதலுதவிப் பையுமாக வீட்டுக்குள் பாய்ந்தார். நின்றுகொண்டிருந்தவளைப் பார்த்ததும், "நிக்கிறியே" என்றார், ஏமாந்தவர்போல. வாசலில் இரண்டு பேர் களுக்கென்று சிரித்தார்கள். ரஞ்சிதம் திரும்பி முறைத்தாள். குற்றவாளிக்குத்தானே கோபம் அதிகம் வரும்.

"நல்லாத்தானே வேலை செய்யுது?" என்றான் குகனேஸ்வரன். "அப்புறம் ஏம்மா இத்தனை வாரமா அழுத்தல?"

அம்மாக்கண்ணு கழுத்தில் கையை வைத்தாள். துண்டை எடுத்தாள். சுவெட்டரின் மேல் பொத்தான்களைக் கழற்றினாள். மஞ்சள் கயிறு வெளியே வந்தது. மகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விக்னேஸ்வரிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"இதுதான் விஷயமா, அத்தை?" என்று அவள் முன்னால் வந்தாள். "கயிறுதானே? அறுத்துப் போட்டுட்டு செயின்ல மாட்டிக்கிட்டா முடிஞ்சிச்சு. இதுக்குப் போய் யாராவது வீட்ட விடுவாங்களா?" அலமாரி மேலிருந்த கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டும் வந்துவிட்டாள்.

அம்மாக்கண்ணு இரண்டு கையாலும் கயிற்றைப் பொத்திக்கொண்டாள். "அறுக்காத."

"வெறும் கயிறுலா, அத்தை."

"வெறும் கயிறுதான். எனக்குத் தெரியாதா?" கயிற்றை விடாமலே சொன்னாள். "ஒருதரம் அறுத்தாங்க. அறுக்கட்டுமான்னு ஒருத்தர் கேக்கல. உங்க மாமா கட்டுன கயிறு, மூணாவது வீட்டுக்காரி கையில போச்சு. இன்னொரு தரம் என் கழுத்துல கத்திரி படக்கூடாது. பட்டன் கயிறா இருந்தாலும் படக்கூடாது. அதுக்கு நான் ஈப்போவுக்கே வந்துடுறேன்."

விக்னேஸ்வரி கத்திரிக்கோலைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். வாசலில் நின்ற கிழவிகளில் ஒருத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். கருமாதியன்று அம்மாக்கண்ணுவைச் சுற்றி இருந்த கைகளில் அவளுடையதும் உண்டு.

ராமையா ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அறுக்க வேணாம் தங்கச்சி. நான் போட்டது, நான் அவுக்கிறேன். நீ சொன்னா அவுக்கிறேன்."

அவள் அவரைப் பார்த்தாள். ஊரைப் பார்த்தாள். "அவுத்துவிடுண்ணே" என்று சொல்லிவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

நேரம் பிடித்தது. முதல் முடிச்சுக்கு அவர் தண்ணீர் கேட்டு நனைத்தார். இரண்டாவதற்கு அவருக்கு நகம் ஒடிந்தது. மூன்றாவதை அவிழ்க்கும்போது சோப்பு நுரை காய்ந்து கன்னத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தும் யாரும் சிரிக்கவில்லை. கயிறு முழுசாக, ஓர் இழை அறாமல், அம்மாக்கண்ணுவின் மடியில் வந்து விழுந்தது. அவள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். வீரப்பன் போன பிறகு ஒரு காரியத்தை அவளிடம் கேட்டுவிட்டுச் செய்தது அன்றைக்குத்தான் என்று அவளுக்குத் தோன்றியது.

"சரிம்மா" என்றான் குகனேஸ்வரன். "இப்ப கழட்டியாச்சு. நாங்க போனப்புறம் நீ மாட்ட மாட்ட. அழுத்தவும் மாட்ட. அதனால..."

அவள் அவன் பேச்சை முடிக்க விடவில்லை. மடியில் கிடந்த அதே கயிற்றை எடுத்து, கழுத்தில் போட்டு, இரண்டு முனையையும் முன்பக்கம் கொண்டுவந்து, தன் கையாலேயே முடிச்சுப் போட்டாள். ஒன்றே ஒன்று.

"ஒண்ணு பத்தாது தங்கச்சி" என்றார் ராமையா, தாங்கமாட்டாமல்.

"பத்தும். இது லோரி இல்ல." வாசலைப் பார்த்துத் திரும்பினாள். "இது நான் கீழ விழுந்தா தூக்குறதுக்கு. எவளுக்காவது வேற சந்தேகம் இருந்தா இப்பவே கேட்டுருங்க."

ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. கடைக்காரர் கடையைத் திறக்கவேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டு நழுவினார்.

அம்மாக்கண்ணு மகனைப் பார்த்தபடியே பட்டனை அழுத்தினாள்.

பக்கத்தில் நின்ற ராமையாவின் சட்டைப்பையில் போன் அடித்தது. அவர் எடுத்து யார் என்று பார்த்தார். கைக்கெட்டும் தூரத்தில் நின்றவளையும் பார்த்தார். ஆனால் பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததை மீறுகிற மனிதர் அல்லவே. இரண்டடி தள்ளிப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

"ஹலோ. யாரு பேசுறது?"

"அம்மாக்கண்ணு பேசுறேன்."

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேண்ணே."

"உதவிக்கு யாரையாவது அனுப்பணுமா?"

அம்மாக்கண்ணு கொஞ்சம் யோசித்தாள். வேன் பக்கம் ஒரு பார்வை, மகன் பக்கம் ஒரு பார்வை.

"அனுப்ப வேணாம். ஆள் இங்கயே இருக்கு. டிவியத் தூக்கி உள்ள வைக்கணும், அவ்வளவுதான்."

குகனேஸ்வரன் வாசலைத் தாண்டிப் போய், டிவியை இறக்க வேன் கதவைத் திறந்தான்.